கையில் இருந்த 61 சாவிகள்



ஆசிரிய நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கையில் அடுத்தவருடைய பாஸ்வேர்ட் எத்தனை இருக்கிறது? உங்களுடையதைக் கேட்கவில்லை. அடுத்தவருடையது.

"அப்படி ஒன்றும் இல்லையே" என்பீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். உயர்தரம் எழுதிய பிள்ளைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புவதற்காக ஈமெயில் திறந்து கொடுத்தது யார்? பக்கத்து வீட்டு மாமிக்கு மகன் புதுப் போன் அனுப்பியபோது கூகுள் கணக்குப் போட்டுக் கொடுத்தது யார்? பாடசாலையின் ஈமெயில், ஃபேஸ்புக் பக்கம், பழைய மாணவர் சங்கத்தின் கணக்கு இதெல்லாம் யாருடைய கொப்பியில் எழுதியிருக்கிறது? ஊரில் "கொம்பியூட்டர் தெரிஞ்ச டீச்சர்" என்று ஒரு பெயர் விழுந்தால் போதும். "டீச்சர், நீங்களே ஒண்டப் போட்டு நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படி எண்ணிப் பார்த்தபோது என்னிடம் 61 இருந்தன. எண்ண வைத்தது ஒரு சின்ன மென்பொருள். அதன் பெயர் 'பாஸ்'. அதை எப்படிப் போடுவது என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஈமெயில் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்ட் அவரிடம். கணக்கை மீட்பதற்கான போன் இலக்கமும் அவருடையதே. ஒரு நாள் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். பிறகு ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் போடுகிற நேரம் வந்தது. முடிவுத் திகதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. உறுதிப்படுத்தும் செய்தி அந்த ஈமெயிலுக்குள் கிடக்கிறது. உள்ளே போக வழியில்லை. கடைக்காரரின் தம்பியைத் தேடிப் பிடித்து, அவர் மூலம் வெளிநாட்டு இலக்கத்தை எடுத்து, இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் அந்த மனிதர் கிடைத்தார். நல்ல வேளை, பழைய இலக்கத்தைத் தம்பியின் போனில் போட்டு உயிரோடு வைத்திருந்தார்கள். குறுஞ்செய்தி வந்தது, கணக்குத் திறந்தது, விண்ணப்பம் போனது. அந்தப் பிள்ளையின் உம்மா அன்று அழுத அழுகை எனக்குத் தெரியும்.

அந்தக் கடைக்காரர் களவெடுக்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பிறருடைய சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போனார். நாமும் ஒரு நாள் இடமாற்றத்தில் போவோம். அல்லது ஒரேயடியாகப் போவோம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லும் ஸூரதுன் நிஸாவின் 58ஆவது வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் நமக்குக் காசும் நகையும் காணி உறுதியும்தான் நினைவுக்கு வருகின்றன. இப்போது பாஸ்வேர்டும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

பாஸ்வேர்ட் வைக்க நாலு வழி இருக்கிறது. ஒன்று கொப்பி. கொப்பியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். சொந்தப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பது, எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டைப் போடுவதை விட நல்லது. ஆனால் கொப்பியைத் திறந்தவர் எல்லாப் பக்கத்தையும் பார்ப்பார். இரண்டாவது, பிரவுசரில் சேமிப்பது. ஸ்டாஃப் ரூமில் பலர் பாவிக்கும் கொம்பியூட்டரில் அது சரிவராது. மூன்றாவது, கீபாஸ்எக்ஸ்சீ போன்ற மென்பொருள். மவுஸால் அழுத்திப் பழகியவர்களுக்கு அது மிக நல்ல தெரிவு. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ஒரே பூட்டால் பூட்டும். நாலாவது, பாஸ்.

பாஸை 2012இல் வெளியிட்டவர் ஜேசன் டொனன்ஃபெல்ட். வயர்கார்ட் என்ற விபிஎன் முறையை உருவாக்கியவரும் அவர்தான். பாஸ் இலவசம். முழுவதும் ஆயிரம் வரிக்கும் குறைவான ஒரு ஷெல் நிரல். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் வாசித்துப் பார்க்கலாம். பூட்டுகிற வேலையை அது தானாகச் செய்வதில்லை. ஜீபீஜீ என்ற பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட மென்பொருளிடம் கொடுத்துவிடும். ஜீபீஜீயின் முதலாவது முழுப் பதிப்பு 1999இல் வந்தது. பாஸ் செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு பாஸ்வேர்டையும் ஒவ்வொரு தனி ஃபைலாகப் பூட்டி, ஃபோல்டர்களுக்குள் அடுக்கி வைக்கும். ஒருவருடையதை எடுக்க மற்றவருடையதைத் திறக்கத் தேவையில்லை. ஒருவருடையதைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஃபைலை மட்டும் அழிக்கலாம். நான் இதைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்.

கல்வியியற் கல்லூரியில் பாடத்திட்டம் எழுதப் பழக்கும்போது, படிமுறை ஒவ்வொன்றையும் பிள்ளையின் பக்கம் நின்று எழுதச் சொல்வார்கள். அந்த மாதிரியே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் ஒலியில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

படி 1. நிறுவுதல். என்னுடையது உபுண்டு போட்ட பழைய லெப்டொப். டேர்மினலைத் திறந்து 'சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் பாஸ்' என்று அடித்தால் முடிந்தது. ஃபெடோரா என்றால் 'ஆப்ட்' என்ற இடத்தில் 'டிஎன்எஃப்'. மெக் கொம்பியூட்டரில் ஹோம்புரூ இருந்தால் 'புரூ இன்ஸ்டோல் பாஸ்'.

படி 2. சாவி செய்தல். 'ஜீபீஜீ --ஃபுல்-ஜெனரேட்-கீ' என்று அடியுங்கள். சாவி எந்த வகை, எவ்வளவு நீளம் என்று கேட்கும். அது முன்வைப்பதையே ஏற்று என்டர் அழுத்துங்கள். எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்று கேட்கும். நான் இரண்டு வருடம் கொடுத்தேன். பயப்பட வேண்டாம், காலம் முடிந்தாலும் பழையவற்றைத் திறக்கலாம். புதிதாகப் பூட்டத்தான் முடியாது. சாவி உங்களிடம் இருக்கும் வரை காலத்தை நீட்டிக்கொள்ளலாம். பிறகு பெயர், ஈமெயில். கடைசியாக ஒரு சின்னப் பெட்டி வந்து கடவுத்தொடர் கேட்கும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். இங்கே நில்லுங்கள்.

இந்தக் கடவுத்தொடர்தான் இனி நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது. மற்ற எல்லாம் இதற்குப் பின்னால் போய்விடும். எங்கள் ஆட்களின் பாஸ்வேர்டுகள் எனக்கு நன்றாகத் தெரியும். மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். போன் இலக்கம். 'பிஸ்மில்லாஹ்786'. பரக்கத்துக்காகப் போடுகிறார்கள். ஆனால் ஊகிக்கிறவனும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பான். ஓதுகிற ஆயத், தெரிந்த பாட்டு வரி, பழமொழி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே எங்கேயோ எழுதியிருக்கிற எதுவும் அவனுடைய பட்டியலில் இருக்கும்.

நல்ல வழி, சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுப்பது. இதற்கு டைஸ்வெயார் என்று பெயர். 1995இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் அறிமுகப்படுத்தினார். 7776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்கங்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 6 வரை. பகடையை ஐந்து தரம் உருட்டினால் ஒரு சொல். 2016இல் இஎஃப்எஃப் என்ற அமைப்பு இன்னும் இலகுவான சொற்களுடன் ஒரு பட்டியல் வெளியிட்டது. நான் எடுத்தது அதைத்தான்.

எங்கள் வீட்டில் பகடை கிடையாது. தாயக்கட்டை உருட்டுவது உம்மும்மாவுக்குப் பிடிக்காது, வீட்டுக்குள் எடுக்கவே விடமாட்டார். அதனால் சீட்டுக் குலுக்குகிற முறையில் செய்தேன். ஒரே அளவில் ஆறு தாள் துண்டு, 1 முதல் 6 வரை எழுதி, சுருட்டி, வெறும் பால்மா டின்னில் போட்டு, குலுக்கி ஒன்றை எடுப்பது. இலக்கத்தை எழுதிக்கொண்டு அந்தத் துண்டைத் திரும்ப டின்னுக்குள் போட வேண்டும். இது முக்கியம், போடாவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். மாதச் சீட்டில் ஒரு தரம் பெயர் வந்தவரை மறுபடி போடமாட்டோம். இங்கே போட வேண்டும். முப்பது தரம் எடுத்தால் ஆறு சொல். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றக்கூடாது. மாற்றினால் அது குலுக்கல் இல்லை, உங்கள் தெரிவு.

ஆறு சொல்லுக்கு எத்தனை விதம் இருக்கிறது தெரியுமா? 2 போட்டு அதற்குப் பின்னால் 23 சுழியம், அதற்கும் கொஞ்சம் மேல். ஆறு சொற்களையும் வைத்து மனதுக்குள் ஒரு பைத்தியக்காரக் கதை கட்டிக்கொண்டால் மறக்காது. ஒரு கிழமைக்குத் தினமும் அடித்துப் பாருங்கள். கை பழகிவிடும்.

படி 3. பெட்டியைத் தொடங்குதல். 'பாஸ் இனிட்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாவிக்குக் கொடுத்த ஈமெயிலை அடியுங்கள். அவ்வளவுதான்.

படி 4. உள்ளே போடுதல். ஏற்கெனவே உள்ள பாஸ்வேர்டைப் போட 'பாஸ் இன்சேர்ட் வீடு/ஈமெயில்'. புதிதாக ஒன்றை அதுவே உருவாக்க 'பாஸ் ஜெனரேட் வீடு/ஈமெயில்'. எதுவும் சொல்லாவிட்டால் 25 எழுத்தில் உருவாக்கும். சில தளங்கள் குறியீடுகளை ஏற்காது. அப்போது ஜெனரேட்டுக்குப் பின்னால் '-என்' போடுங்கள், எழுத்தும் இலக்கமும் மட்டும் வரும். பாஸ்வேர்டோடு வேறு விவரமும் எழுத வேண்டும் என்றால் 'பாஸ் இன்சேர்ட் -எம்'. முதல் வரியில் பாஸ்வேர்ட், அடுத்த வரிகளில் பயனர் பெயர், மீட்பு இலக்கம், திகதி.

படி 5. எடுத்தல். 'பாஸ் -சீ வீடு/ஈமெயில்'. '-சீ' போட்டால் பாஸ்வேர்ட் திரையில் தெரியாது. நேரே கிளிப்போர்டுக்குப் போகும், 45 செக்கனில் அங்கிருந்து அழிந்துவிடும். பின்னால் நிற்கிற தரம் 9 பிள்ளை எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. கொப்பி பண்ணியதையெல்லாம் வரிசையாகச் சேமிக்கும் செயலி ஏதும் கொம்பியூட்டரில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 45 செக்கனுக்கு அர்த்தமில்லை.

படி 6. ஸ்டாஃப் ரூமுக்கு ஏற்றபடி மாற்றுதல். கடவுத்தொடரை ஒரு தரம் அடித்தால் ஜீபீஜீ அதைப் பத்து நிமிடம் ஞாபகம் வைக்கும். இடையில் பாவித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மணி நேரம் வரை போகும். வீட்டில் பரவாயில்லை. மணி அடித்தவுடன் லெப்டொப்பை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுகிற எங்களுக்கு இது கூடிப்போய்விடும். ஜீபீஜீ ஃபோல்டரில் 'ஜீபீஜீ-ஏஜென்ட்.கொன்ஃப்' என்ற ஃபைலில் 'டிஃபோல்ட்-கேச்-டீடீஎல் 60', 'மெக்ஸ்-கேச்-டீடீஎல் 300' என்று இரண்டு வரி எழுதினேன். இப்போது ஒரு நிமிடம் பாவிக்காவிட்டால் மறந்துவிடும். எழுதிய பின் 'ஜீபீஜீகொன்ஃப் --ரீலோட் ஜீபீஜீ-ஏஜென்ட்' என்று ஒரு தரம் அடிக்க வேண்டும்.

இதுவரை செய்தது எல்லோருக்கும் பொதுவானது. இனிச் சொல்வதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு.

நான் மூன்று ஃபோல்டர் வைத்தேன். வீடு, பாடசாலை, அமானிதம்.

பாடசாலை ஃபோல்டரை இரண்டு சாவிக்குப் பூட்டினேன். என்னுடையதும், ஐசிடி கூடத்துக்குப் பொறுப்பான மற்ற ஆசிரியருடையதும். 'பாஸ் இனிட் -பீ' என்று அடித்து, ஃபோல்டரின் பெயரையும் இரண்டு ஈமெயிலையும் கொடுத்தால், அந்த ஃபோல்டர் மட்டும் இருவரில் யார் வந்தாலும் திறக்கும்படி பூட்டப்படும். ஒருவருடைய கடவுத்தொடரை மற்றவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளை எனக்கு இடமாற்றம் வந்தால், எனக்குப் பதில் வருகிறவரின் சாவியைப் போட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் எல்லாம் புதிதாகப் பூட்டப்படும். ஆனால் ஒன்று. நான் ஏற்கெனவே பார்த்த பாஸ்வேர்ட் என் தலைக்குள் இருக்கிறது. அதனால் ஆள் மாறும்போது சாவியோடு சேர்த்து பாஸ்வேர்டுகளையும் மாற்றத்தான் வேண்டும். அறைச் சாவியை ஒப்படைத்து இருப்புப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பது போல இதையும் ஒரு வழக்கமாக்கலாம்.

அமானிதம் ஃபோல்டரில் ஒரு பிரச்சினை வந்தது. பாஸ் ஃபைலின் உள்ளே இருப்பதைப் பூட்டும், ஃபைலின் பெயரைப் பூட்டாது. 'பாஸ்' என்று மட்டும் அடித்தால் எல்லாப் பெயரும் மரம் மாதிரி வரிசையாக விழும். அதாவது பாஸ்வேர்ட் தெரியாவிட்டாலும், யார் யாருடையது என்னிடம் இருக்கிறது என்று என் லெப்டொப்பைத் திறந்த யாருக்கும் தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து களவுபோன காப்புப் பிரதிகளில் பாஸ்வேர்டுகள் பூட்டியிருந்தன, ஆனால் இணையதள முகவரிகள் திறந்தே கிடந்தன. யாருக்கு எங்கே கணக்கு இருக்கிறது என்பதே ஒரு இரகசியம்தான். அதிலும் ஊரில், பெண்களுடைய விஷயத்தில்.

அதனால் பெயர் போடவில்லை. வரவு இடாப்பில் போடுவது போல 01, 02, 03 என்று இலக்கம் மட்டும் போட்டேன். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியலை 00 என்ற ஃபைலுக்குள் பூட்டினேன். அந்தப் பட்டியலை எழுதி முடித்தபோதுதான் 61 என்ற எண்ணிக்கை வந்தது.

அடுத்தது காப்புப் பிரதி. நாங்கள் கடற்கரை ஆட்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பெறுபேற்றுத் தாளும் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரே இடத்தில் ஒரே பிரதி வைக்கக்கூடாது என்று எங்களுக்குப் புத்தகம் சொல்லித் தரத் தேவையில்லை. இரண்டு பென் ட்ரைவ். ஒன்று வீட்டு அலுமாரியில், மற்றது கடலுக்குத் தூரத்தில் இருக்கிற ராத்தாவின் வீட்டில். பாஸ்வேர்ட் ஃபோல்டரை மட்டும் கொப்பி பண்ணினால் போதாது. சாவியும் வேண்டும். 'ஜீபீஜீ --எக்ஸ்போர்ட்-சீக்ரட்-கீஸ்' என்ற கட்டளையால் சாவியை ஒரு ஃபைலாக எடுக்கலாம். அந்த ஃபைலும் உங்கள் கடவுத்தொடரால் பூட்டியே இருக்கும்.

பிரதி எடுத்தவர்கள் திறந்தும் பார்க்க வேண்டும். லெப்டொப்பில் புதிய பயனர் கணக்கு ஒன்று திறந்து, பென் ட்ரைவிலிருந்து சாவியை இறக்கி, ஒரு பாஸ்வேர்டை எடுத்துப் பாருங்கள். திறக்கும், ஆனால் புதிதாகப் போடப் போனால் சாவியை நம்ப முடியாது என்று மறுக்கும். 'ஜீபீஜீ --எடிட்-கீ' போய் 'டிரஸ்ட்' என்று அடித்து 5 கொடுத்தால் சரி.

பாஸில் கிட் என்ற மென்பொருளையும் இணைத்து ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைக்கலாம். பலர் அதைச் சிபாரிசு செய்வார்கள். சொந்தப் பாஸ்வேர்டுக்கு நல்லது. நான் இணைக்கவில்லை. கிட் எதையும் மறக்காது. அழித்த ஃபைலும் பூட்டிய நிலையில் பழைய வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். ஒருவரிடம் "உங்களுடையதை அழித்துவிட்டேன்" என்று சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். அதே காரணத்தால், ஒன்றை அழித்தவுடன் இரண்டு பென் ட்ரைவிலும் பழைய பிரதியை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறேன்.

இனி மௌத்தைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளைகளின் படங்கள், வீட்டு மின்சாரக் கணக்கு, என் ஈமெயில் இதெல்லாம் வீட்டாருக்கு வேண்டும். வஸிய்யத் எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் இதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கடவுத்தொடரில் மூன்று சொல்லைக் கணவரிடமும் மூன்று சொல்லை ராத்தாவிடமும் கொடுக்கலாமா என்று முதலில் கணக்குப் பார்த்தேன். சரிவராது. மூன்று சொல் தெரிந்தவருக்கு மீதி மூன்று சொல்லுக்கு 47 ஆயிரம் கோடி விதம்தான். மனிதனுக்கு அது பெரிது, கொம்பியூட்டருக்கு எட்டக்கூடியது. அதனால் ஆறு சொல்லையும் எழுதி ஒட்டிய கடித உறை கணவரிடம். பென் ட்ரைவ் ராத்தாவிடம். உறை இருப்பவரிடம் பெட்டி இல்லை, பெட்டி இருப்பவரிடம் உறை இல்லை. வீட்டு அலுமாரிப் பென் ட்ரைவ் இருக்கும் லாச்சிக்குத் தனிப் பூட்டு.

உறையை ஒட்டும்போது ஒரு கேள்வி வந்தது. இந்த ஆறு சொல்லும் வீடு ஃபோல்டரை மட்டுமா திறக்கும்? அமானிதத்தையும் திறக்குமே. அந்த 61 பேரும் நம்பியது என்னை. என் கணவரை அல்ல, என் ராத்தாவை அல்ல. ஆகவே அமானிதம் ஃபோல்டருக்கு வேறு ஒரு சாவி செய்து, வேறு ஆறு சொல் குலுக்கி, 'பாஸ் இனிட் -பீ' மூலம் தனியே பூட்டினேன். அந்த ஆறு சொல் எந்த உறையிலும் இல்லை. அதாவது நான் போனால் அந்த ஃபோல்டர் என்றைக்கும் திறக்காது.

அப்படியானால் அந்த 61 பேரின் நிலை? கடைக்காரர் போன பிறகு அந்தப் பிள்ளை நின்ற அதே நிலை. பூட்டை எவ்வளவு உறுதியாகப் போட்டாலும் விடை ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கொடுக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் இலகு. கூப்பிட்டு, மீட்பு இலக்கத்தை உம்மாவின் இலக்கமாக மாற்ற வைத்து, என் கண்முன் இல்லாமல் புதிய பாஸ்வேர்ட் போடச் சொல்லி, பிறகு 'பாஸ் ஆர்எம்' அடித்து அந்த இலக்கத்தை அழிப்பேன். பெரியவர்கள்தான் கஷ்டம். எங்கள் தெருவில் ஒரு மாமி. மகன் கட்டாரில். குர்ஆன் அழகாக ஓதுவார், ஆங்கில எழுத்துப் பழக்கமில்லை. அவருடைய போனின் கூகுள் கணக்கு ஐந்து வருடமாக என்னிடம். தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தபோது முகம் மாறிவிட்டது.

"உங்கள நம்பித்தானே மகள் தந்த. ஏன் இப்ப திருப்பித் தாறீங்க? என்னோட கோவமா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது பாதுகாப்பு. அவருக்கு அது உறவை முறிப்பது. ஒருவர் வைக்கத் தந்த பொருளைக் கேட்காமல் திருப்பிக் கொடுத்தால் எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம்.

"கோவமில்ல மாமி. நான் நாளைக்கு மௌத்தாகிட்டா யார்ட்ட போய்க் கேப்பீங்க?"

"அப்புடிச் செல்லாதீங்க."

"செல்லாட்டியும் வரும்தானே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்கு அடிக்கப் பழக்கித் தாங்க" என்றார். மூன்று நாள் அஸருக்குப் பிறகு போய் உட்கார்ந்தேன். இலகுவான நாலு சொல், அவரே குலுக்கி எடுத்தது. எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தார். மூன்றாம் நாள் பிழையில்லாமல் திறந்தது. அந்தத் தாளை இப்போது காணி உறுதி இருக்கிற பெட்டிக்குள் வைத்திருக்கிறார். ஜீபீஜீ இல்லை, பாஸ் இல்லை, அலுமாரிப் பூட்டு மட்டும். ஆனால் அவருடைய சாவி அவருடைய இடுப்பில்.

இப்போது அமானிதம் ஃபோல்டரில் 14 இருக்கிறது. கண் தெரியாத இரண்டு முதியவர்கள், இன்னும் பழகுகிற சிலர், "நீங்களே வெச்சிருங்க, எனக்கு ஏலாது" என்று ஒரேயடியாகச் சொன்னவர்கள். அவர்களுடையது இருக்கட்டும். ஆனால் ஒவ்வொருவரிடமும் யாராவது ஒரு சொந்தக்காரரின் இலக்கத்தை மீட்பு இலக்கமாகப் போட வைத்துவிட்டேன். வங்கி பாஸ்வேர்ட் யாரிடமும் வாங்குவதில்லை. அது என்றைக்கும் இல்லை. புதிதாக யாராவது "டீச்சர், நீங்களே வெச்சிக்கங்க" என்றால், "வாங்க, பக்கத்தில இருங்க" என்று கதிரையை இழுத்துப் போடுகிறேன். வேலை இரண்டு மடங்கு. பரவாயில்லை, சொல்லிக் கொடுப்பதுதானே எங்கள் தொழில்.

கறுப்புத் திரை எல்லோருக்கும் பிடிக்காது. பிடித்தவர்கள் மேலே சொன்னபடி போட்டுப் பாருங்கள், எங்கே நின்றாலும் கேளுங்கள். பிடிக்காதவர்களுக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். இந்த லீவுக்குள் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், யார் யாருடைய சாவி உங்கள் பையில் இருக்கிறது என்று. எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். எண்ணிக்கையை மட்டும்.